யார் ஊற்றிய ஆயில்?

அத்தியாயம் 21

போன புதன்கிழமை செம்பூர் மேட்டில் நடந்ததை லேபர் கேம்ப் குடியிருப்பில் இப்போது கேட்காத காது கிடையாது.

லோடு கொட்ட மேட்டில் நிறுத்திய டிராக்டர் பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்த லோடு ஆள் தௌஃபீக்கின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஓட்டிக்கொண்டிருந்த ஆன்றோ கீழே குதித்தான். குதித்தவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? அடிபட்டவனைத் தூக்கவில்லை. கியர் பெட்டியில் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினான்!

காய்ந்து வந்த குச்சியைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டி, "பாத்துக்கிடுங்க! எந்தங்கச்சி வண்டி பாக்குத லட்சணம் இதான். ஆயிலே ஊத்தல!" என்று கத்தினான்.

போதாதா ஊருக்கு? வீட்டுக்கு வீடு அதையே போட்டு மென்றார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் அந்தத் தங்கை ஸ்வீட்டியைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். தௌஃபீக் ஆஸ்பத்திரியில் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தான். அவன் மனைவி உமைரா போலீஸ் ஸ்டேஷனில் இன்னும் வாக்குமூலம் கொடுக்கவில்லை. பிரேக் ஏன் பிடிக்கவில்லை, வண்டியைப் பராமரிப்பது யார், பெயரைச் சொல் என்று ஸ்டேஷனில் கேட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று வந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்று.

ஓட்டுவது ஆன்றோ, பார்த்துக்கொள்வது ஸ்வீட்டி. கண் மங்கிப்போன பிறகு அப்பா வேதமுத்து பிரித்துக் கொடுத்த வேலை அது. பிரித்துக் கொடுத்த நாளிலிருந்தே அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆகவில்லை. ஈஸ்டருக்கு முன்னால் ஒரு பெரிய சண்டை போட்டுவிட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு செம்பூரில் மாமனார் வீட்டோடு போய்விட்டான் ஆன்றோ. அதன் பிறகு இந்த வீட்டு வாசற்படியை அவன் மிதிக்கவில்லை. காலையில் நேரே வண்டிக்கு வருவான், மாலையில் நேரே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவான்.

ஸ்வீட்டியோ ஏற்றுமதிக் கம்பெனியில் பார்த்த தையல் வேலையை உதறிவிட்டு இந்த டிராக்டரே கதி என்று வந்தவள். அந்தக் கம்பெனி மூடியே போய்விட்டது. இன்று உமைரா அவள் பெயரைச் சொல்லிவிட்டால் வண்டியை விட்டு அவள் இறங்க வேண்டியதுதான். மனிதனின் காலை ஒடித்தவள் என்று பெயரெடுத்த பெண்ணுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

காலைப் பூசை முடிந்ததும் நேரே வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தாள். கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றவில்லை.

தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், சுவரோரம் ஒரு துண்டு இடம். வண்டியைக் கட்டி இழுத்து வந்து அங்கே நிறுத்தியிருந்தார்கள். எப்போதும் போல டிராலி வானத்தைப் பார்த்துத் தூக்கி நின்றது, அடியில் இரும்பு முட்டு கொடுத்து. அது இந்தப் பக்கத்து வழக்கம். காலி டிராலியைத் தரையோடு இறக்கி வைத்தால் விடிவதற்குள் தெருக் குப்பையெல்லாம் அதில் வந்து விழும். தூக்கி வைத்தால் குப்பையும் தங்காது, மழைத் தண்ணீரும் தங்காது. அதன் நிழலில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஸ்கூட்டர் வேறு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆன்றோ சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் ஆன பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடி. உமைரா தனியாக, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். அவள்தான் இவர்களை வரச் சொல்லியிருந்தாள்.

"டிராலியை இறக்கணும். சாவி வேணும்" என்றாள் ஸ்வீட்டி.

ஆன்றோ தலையைத் தூக்கவில்லை. "அப்பா, உங்க மவகிட்ட சொல்லுங்க. இங்க ஒரு டிராமாவும் வேண்டாம். அன்னைக்கே குச்சி காஞ்சி கெடந்ததை ஊரே பாத்துட்டு."

"அப்பா, உங்க மவன்கிட்ட கேளுங்க. அன்னைக்கு வண்டி எப்படி நின்னுச்சி? மேட்டுலே மூக்கு மேலே பாத்து நின்னுச்சா இல்லையா? டிராலி தூக்கி இருந்துச்சா இல்லையா?"

"இருந்தா என்னட்டி?"

"ஆங், இப்பதான் வாய் நேரா வருது!" என்று திரும்பினாள் ஸ்வீட்டி. "இருந்தா என்னவா? இத்தனை வருசம் இதுலே உக்காந்து ஓட்டுத, இது தெரியலியா உனக்கு?"

தெரிந்துகொள்ள அவன் என்றைக்கு ஆசைப்பட்டான்? ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும் அவனுக்கு. விஷயம் இதுதான். அந்தப் பழைய டிராக்டரில் கியருக்கும், டிராலியைத் தூக்குகிற ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், ஒரே தொட்டி. டிராலி மேலே போனால் தொட்டியிலிருக்கிற ஆயில் பம்பு வழியாக ஜாக்குக்குள் ஏறிவிடும். இறங்கினால் திரும்பி வரும். ஆகவே சமதரையில் நிறுத்தி, டிராலியை இறக்கி, இன்ஜினை அணைத்து, ஆயில் அடங்குகிற வரை பொறுத்துத்தான் குச்சியை உருவ வேண்டும். தூக்கி வைத்துக்கொண்டு உருவினால், நிறைந்த தொட்டியும் காலியாகத்தான் காட்டும். மேட்டில் வேறு நின்றால் கேட்கவே வேண்டாம்.

இதை அவள் உமைராவிடம் சொன்னாள். உமைரா கவனமாகக் கேட்டாள். அவளுக்கு டிராக்டர் புரிந்ததோ இல்லையோ, கோபம் நன்றாகப் புரிந்தது. நாலு நாளாக அவளும் அதில்தானே வெந்துகொண்டிருக்கிறாள்!

"இறக்கிக் காட்டட்டுமே. அதுலே உங்களுக்கு என்ன நட்டம்?" என்றாள் உமைரா.

"வேண்டாம்மா" என்றார் வேதமுத்து சட்டென்று. "ஆயிரம் இருந்தாலும் வீட்டு விசயம். எங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிடுதோம். வண்டியைத் தொடாண்டாம்."

"எங்க வீட்டு ஆளு காலு போயிக் கெடக்கு, மாமா. ஒங்க வீட்டு விசயமா இது?"

ஸ்வீட்டி அப்பாவை முறைத்தாள். மகனுக்குத்தான் பரிந்து பேசுகிறார், எப்போதும் போல! அவன் குடித்துவிட்டு டிராலியைச் சுவரில் இடித்தபோதும் இப்படித்தான், வீட்டு விசயம்!

ஆன்றோ சாவியை எடுத்து மண்ணில் எறிந்தான். "பொறுக்கிக்கோ. இறக்கு. அசிங்கப்படு."

பொறுக்கினாள். மானம் பார்க்கிற நேரமா அது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டாள். டிராலியை ஒரு விரற்கடை தூக்கி, அடியிலிருந்த முட்டுக் கம்பியை எடுக்கச் சொல்லி, நெம்புகோலை மெல்ல விட்டாள். டிராலி முனகிக்கொண்டே கீழே வந்து படிந்தது. இன்ஜினை அணைத்தாள்.

"பொறுக்கணும்" என்றாள்.

தாழ்வான கூரைகளுக்கு மேலே எங்கோ மிக்ஸி ஓடியது. ஆன்றோ எச்சில் துப்பினான். அப்பா இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார்.

பிறகு ஸ்வீட்டி ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு குச்சியை உருவினாள். துடைத்தாள். மறுபடி விட்டு, மறுபடி உருவினாள்.

ஆயில் இருந்தது. மேல் கோட்டைத் தாண்டி, அதற்கும் மேலே, கிட்டத்தட்டப் பிடி வரைக்கும் நனைந்திருந்தது!

"பாத்துக்கோ உமைரா! நல்லாப் பாத்துக்கோ! ஆயில் இல்லேன்னாவளே, இது என்ன, பன்னீரா?" என்று கத்தினாள் ஸ்வீட்டி. வெற்றி அவளைப் பேச வைத்தது. பேசக் கூடாத இடத்தில் பேச வைத்தது. "கோட்டுக்கு மேலே எம்புட்டு ஏறியிருக்கு பாரு. கம்மியே கெடையாது. ஜாஸ்தி! இம்புட்டு ஜாஸ்தி இருந்தா ரப்பர் சீலைத் தாண்டிப் பிரேக்குலே போயி எறங்கிரும், பொறவு பிரேக்..."

அவளுக்கே கேட்டது, தான் சொல்லிக்கொண்டிருப்பது. நிறுத்தினாள்.

குனிந்து பின் சக்கரத்தின் உட்பக்கம் பார்த்தாள். பிரேக் டிரம்மின் அடியிலிருந்து ஒரு கறுத்த கசிவு டயர் வரைக்கும் இறங்கி, மண்ணை ஒட்டிக் காய்ந்திருந்தது. விரலால் தொட்டாள். வழவழவென்றிருந்தது.

"பொறவு பிரேக்?" என்றாள் உமைரா. "சொல்லுங்கக்கா. பொறவு பிரேக் என்ன ஆவும்?"

"வழுக்கும்."

ஆன்றோ ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள். இந்தத் தொடரில் இத்தனை வாரமாக அவனைப் பார்த்து வருகிறோம், இப்படி மனம் நிறைந்து அவன் சிரித்ததே இல்லை. "அரே வா! கேட்டியா உமைரா? ஊத்தாம விடல, காட்டுத்தனமா ஊத்தி வச்சிருக்கா. எம்பிரேக்கைக் கெடுத்தது இவதான். அவளே சொல்லிட்டா, பஸ், போதும்! முடிஞ்சிது கதை."

"நான் ஊத்தல!" என்றாள் ஸ்வீட்டி. "திங்கக்கிழமை பாத்தேன், கோட்டுலே சரியா இருந்துச்சி. நான் ஒரு சொட்டு ஊத்தல. எங்கிட்டே இருக்க ஆயில் டப்பா சீல்கூட உடைக்காம வீட்டுலே கெடக்கு."

"கொண்டாங்க பாப்போம்" என்றாள் உமைரா.

ஸ்வீட்டி நடக்கவில்லை, ஓடினாள்.

சந்துக்குள் சந்தாகத் திரும்பி வீட்டுக்கு வந்தபோது அம்மா சகாயராணி துவைக்கிற மூலையான மோரியில் உட்கார்ந்து ஒரு லுங்கிச் சாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மண்ணெண்ணெய் நெடி மூக்கைத் துளைத்தது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற வழக்கம் அம்மாவுக்குக் கிடையாது. அந்த அவசரத்தில் ஸ்வீட்டி அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கை விட்டு டப்பாவை இழுத்தாள்.

டப்பா இலேசாக வந்தது. சீல் உடைந்திருந்தது. பாதிக்கு மேல் இல்லை.

அவளுக்குத் தூக்கி வாரிப்போட்டது. இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். ஆன்றோ இந்தப் பக்கமே வருவதில்லை. அவள் தொடவில்லை. அம்மாவுக்கு டிராக்டரில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரிந்தாலே பெரிய காரியம்.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். சாரம். அப்பாவின் சாரம். மடியில் பெரிதாக ஒரு கறை.

"அம்மா. இது என்ன கறை?"

"ஏதோ... ரோட்டுலே பட்டுருக்கும்."

"எம்மா, என் மூஞ்சைப் பாத்துச் சொல்லுங்க."

சகாயராணி பார்க்கவில்லை. தேய்த்த இடத்தையே தேய்த்தாள். கையிலிருந்த சோப்பு நழுவி மோரியில் விழுந்தது.

"அவிய வேணும்னா செஞ்சாவ?" என்றாள் கடைசியில். "கண்ணுக்கட்டு அவுத்த பொறவு சாயங்காலம் நடக்கப் போறேன்னு வண்டிகிட்ட போயிருக்காவ. குச்சியை உருவிப் பாத்தா அடியிலே ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். இந்தப் பிள்ளை ஒழுங்கா பாக்கலியேன்னு ஊத்தியிருக்காவ. மறுநாளும் பாத்திருக்காவ, மறுநாளும் கொறவா இருந்துச்சாம்."

கோட்டுக்கு எப்படி வரும்? தூக்கி நின்ற டிராலியின் ஜாக்கில் பாதி ஆயில் உட்கார்ந்திருக்கும்போது! வேதமுத்து ஓட்டிய காலத்தில் இந்த டிராலி கிடையாது. ஆட்கள் மண்வெட்டியால் வாரிக் கொட்டுவார்கள். தூக்குகிற டிராலி ஆன்றோ வந்த பிறகு வாங்கியது. அதைப் பற்றி மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? அவருடைய வண்டியாயிற்றே!

"உங்களுக்கு எப்பம் தெரியும்?"

"தௌஃபீக்குக்கு அடிபட்ட அன்னைக்கே சொல்லிட்டாவ. ராத்திரி பூரா அழுதாவ."

"அழுதாவளா?" ஸ்வீட்டிக்குச் சிரிப்பு வந்தது, கேவலமான சிரிப்பு. "தெருவுலே போற வாறவ எல்லாம் என்னைக் காறித் துப்புனாவளே, அப்பம் நான் அழலியா? நீங்க பாத்துக்கிட்டுதான இருந்திய?"

பின்னால் நிழல் விழுந்தது. வேதமுத்து வாசலில் மூச்சு வாங்க நின்றார். மகள் ஓடியதும் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"டப்பாவை வைட்டி."

"வைக்க மாட்டேன்."

"சொல்லுதேன்ல. ஆன்றோ ஓட்டுத வண்டி. கேஸு அவன் தலையிலே விடியும். எம்பேரு வந்தா ஆபரேஷன் ஆன கெழவனை எதுக்கு வண்டிகிட்ட விட்டிய, லைசன்ஸ் எங்கன்னு போலீஸ்காரன் நோண்டுவான். வண்டியையே எடுத்துட்டுப் போயிருவான். உம்பேருன்னா, தெரியாம ஊத்திட்டேன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சிரும். உனக்கு என்ன, புள்ளையா குட்டியா? ரெண்டு மாசத்துலே எல்லாரும் மறந்துருவாவ."

ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பன் பேசுகிற பேச்சா இது! கெஞ்சியிருந்தால்கூட அவள் இறங்கி வந்திருப்பாளோ என்னவோ. அவர் கெஞ்சவில்லை, கணக்குப் போட்டு அவளைக் கழித்துவிட்டார்.

ஸ்வீட்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவரை இடித்துத் தள்ளாத குறையாக வெளியே வந்தாள்.

சந்து அவளுக்கு நீண்டது. டப்பாவோடு அவளால் ஓட முடியவில்லை. அப்பா வேறு சந்து வழியாகக் குறுக்கே போயிருக்கிறார். அவள் வண்டியை அடைந்தபோது அவர் ஏற்கெனவே உமைராவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எம்மவதாம்மா ஊத்தியிருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் கேட்கிற குரலில். "வீட்டுலே டப்பா தொறந்து கெடக்கு. சின்னப் பிள்ளை, ஒத்துக்கிட பயப்படுது. நீ பெரிய மனசு பண்ணி..."

"அப்பா பொய் சொல்லுதாவ" என்றாள் ஸ்வீட்டி.

அந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது. ஆன்றோ கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "யாரைட்டி சொல்லுத? அப்பாவையா?"

"அடி. ஊத்துனது அவியதான். டிராலியைத் தூக்கி வச்சிக்கிட்டு குச்சி பாத்து, ரெண்டு நாளு ஊத்தியிருக்காவ. அம்மாவுக்கும் தெரியும். வேணும்னா கேட்டுக்கோ."

கேட்க வேண்டியிருக்கவில்லை. சகாயராணி நனைந்த சேலையோடு வந்து சேர்ந்துவிட்டாள். கையெல்லாம் மண்ணெண்ணெய். நின்றவர்களைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை.

"அவியளை ஒண்ணும் சொல்லாதிய" என்றாள். "நாந்தான் ஊத்துனேன்."

உமைரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கன ஊத்துனிய, அத்தை? காட்டுங்க."

சகாயராணி டிராக்டரைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். விரலை நீட்டி முன்னால் காட்டினாள். டீசல் டேங்கை!

யாரும் சிரிக்கவில்லை. ஆன்றோவின் ஓங்கிய கை கீழே இறங்கியது. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்வீட்டி அம்மாவையே பார்த்தாள். அம்மாவுக்குப் பேசத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். மகளைத் தெருவே சேர்ந்து தின்றபோது திறக்காத வாய், புருஷன் பெயரை எடுத்ததும் எப்படித் திறந்துவிட்டது!

"இந்த வாய் எங்கம்மா இருந்துச்சி, இத்தனை நாளா?" என்றாள்.

சகாயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ஸ்டேஷனுக்குப் போவணும்" என்றாள் உமைரா. "யாரு பேரைச் சொல்ல? நீங்களே சொல்லுங்கக்கா."

"ஏட்டி..." என்று ஆரம்பித்தார் அப்பா. அதட்டலாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஸ்வீட்டி டப்பாவைக் கீழே வைத்தாள். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

"வேதமுத்து" என்றாள். "தகப்பனார் பேரு சவரிமுத்து. எழுதிக்கிடச் சொல்லு."

வேதமுத்து நாற்காலியைத் தேடித் தடவினார். அது அவர் நினைத்த இடத்தில் இல்லை. பிடித்து உட்கார வைக்கத் தாய்தான் ஓடினாள்.

உமைரா கிளம்பினாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள். அவள் பார்த்தது ஸ்வீட்டியை அல்ல.

"ஆன்றோ அண்ணே, இன்னொண்ணு கேக்கணும். மேட்டுலே ஏறதுக்கு முந்தியே பிரேக் வழுக்குது, ஏத்தாதியன்னு எங்க வீட்டு ஆளு உங்ககிட்ட சொன்னாவளாம். காலையிலே ஆஸ்பத்திரியிலே கண்ணு முழிச்சதும் எங்கிட்ட சொன்னாவ. நெசமா?"

ஆன்றோ மறுபடி போனை எடுத்துக் குனிந்துகொண்டான். ஸ்வீட்டி அவனைத் திரும்பிப் பார்த்தாள், அப்பா பார்த்தார், அம்மாவும் பார்த்தாள்.